ஒரு சீனரை வெல்லலாம், மூவரை வெல்வது எப்படி? ஆண்கள் மேசைப்பந்தில் ஐரோப்பியர்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், அப்போது உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த சீனாவின் வாங் சூச்சினை ஸ்வீடனின் த்ரூல்ஸ் மோரேகார்ட் வீழ்த்தியதைப் பார்த்த நண்பர் ஒருவர், ஆண்கள் டேபிள் டென்னிஸில் சீன ஆதிக்கத்தை ஐரோப்பியர்கள் உண்மையிலேயே அசைக்கக்கூடியவர்களா, அல்லது இவையெல்லாம் எப்போதாவது நேரும் தற்செயல்களா என்று கேட்டிருந்தார். முன்பு அசைத்திருக்கிறார்கள், அதுவும் பலமுறை என்பதும், கடந்த இருபது ஆண்டுகளில் உலகப் பட்டத்தின் அளவில் அது ஒருமுறைகூட நடக்கவில்லை என்பதும் என் பதில். இவ்விரண்டும் ஏன் ஒருசேர உண்மையாயின என்பதை விளக்கத்தான் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1971 முதல் 2003 வரை பதினேழு உலக சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆண்கள் ஒற்றையர் பட்டம் வழங்கப்பட்டது. அவற்றில் சீனர்கள் எட்டையும் ஐரோப்பியர்கள் ஏழையும் ஜப்பானியர்கள் இரண்டையும் வென்றார்கள். ஏறக்குறைய சமபலம் என்றே இதைச் சொல்ல வேண்டும். 2005 முதல் 2025 வரை நடந்த பதினொரு போட்டிகளில் பதினொன்றையும் சீனர்களே வென்றார்கள். ஆகவே, 'சீனாவில் நூற்றிருபது கோடிக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள், எல்லோரும் மேசைப்பந்து ஆடுகிறார்கள், வேறென்ன நடக்கும்' என்ற வழக்கமான விளக்கம் போதாது. மக்கள்தொகை 1989-இலும் அவர்கள் பக்கம்தான் இருந்தது. அப்போது அவர்களை வீழ்த்திய ஸ்வீடனின் மக்கள்தொகை ஒரு கோடியைக்கூட எட்டியிருக்கவில்லை.

இந்த ஆட்டம் தொடக்கத்தில் ஐரோப்பாவினுடையது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1926-இல் லண்டனில் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியதிலிருந்து ஹங்கேரியர்கள் கோலோச்சினார்கள். விக்டர் பார்னா ஒருவரே ஐந்து முறை ஒற்றையர் பட்டம் வென்றார். 1952-இல் பம்பாயில் ஜப்பானின் சதோ பஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்து பட்டத்தைத் தட்டிச் சென்றதும் அந்தக் காலம் முடிந்தது. முதல் சீன உலக சாம்பியன் ரோங் குவோதுவான் 1959-இல்தான் உருவானார். அதன்பின் ஜுவாங் சேதோங் 1961, 1963, 1965 என மூன்று முறை தொடர்ந்து வென்றார். கலாச்சாரப் புரட்சியின் காரணமாக 1967, 1969 போட்டிகளுக்குச் சீனா வரவே இல்லை. அவர்கள் திரும்பி வந்த 1971 நகோயா போட்டியில், பதினெட்டு வயதான ஸ்வீடன் இளைஞர் ஸ்டெல்லன் பெங்க்சன் பட்டம் வென்றார். நான் கணக்கிடத் தொடங்கிய இடம் அதுதான்.

எழுபதுகளில் ஹங்கேரியர்கள் மீண்டும் எழுந்தார்கள். இஷ்த்வான் யோனியர், திபோர் கிளாம்பார், காபோர் கெர்கெலி ஆகிய மூவரும் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் என இரு பக்கங்களிலிருந்தும் கனமான டாப்ஸ்பின், அதாவது பந்தை முன்னோக்கிச் சுழலவைக்கும் சுழலடி, அடிக்கக் கற்றிருந்தார்கள். மேசையை ஒட்டி நின்று, பேனா பிடிப்பதுபோல் மட்டையைப் பிடித்து, பந்து எழும்பும்போதே தட்டி முடித்துவிடும் அக்காலச் சீன பாணிக்கு இது புதுத் தலைவலியாக இருந்தது. 1975-இல் கல்கத்தாவில், அந்தப் போட்டிக்காகவே கட்டப்பட்ட நேதாஜி உள்ளரங்கில், யோனியர் ஒற்றையர் பட்டம் வென்றார். 1979-இல் பியோங்யாங்கில் மூவரும் சேர்ந்து அணிப் போட்டியின் இறுதியில் சீனாவையே தோற்கடித்தார்கள். அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது: இரண்டே ஆண்டுகளில், 1981 நோவி சாத் போட்டியில், ஆண்கள், பெண்கள், இரட்டையர் என வழங்கப்பட்ட ஏழு பட்டங்களையும் சீனா வாரிக்கொண்டது. அதற்குள் அவர்கள் ஒரு விடை கண்டுபிடித்திருந்தார்கள். மட்டையின் இரு பக்கங்களிலும் ஒரே நிறத்தில், ஆனால் முற்றிலும் வேறுபட்ட குணமுள்ள ரப்பர்களை ஒட்டி, ஆட்டத்தின் நடுவே மட்டையைத் திருப்பிக்கொண்டார்கள். எந்தப் பக்கம் பந்தைத் தொட்டது என்று எதிராளிக்குத் தெரியாது. இரு பக்கங்களும் வெவ்வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்ற விதி அதன் பிறகுதான் வந்தது. இன்று நாம் காணும் சிவப்பு, கறுப்பு ரப்பர்களின் கதை இதுவே.

பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்தச் சம்பவமே அச்சு என்பது என் கணிப்பு. தாங்கள் பயிற்சி செய்திராத ஒன்றோடு வரும் ஐரோப்பியரிடம் சீனர்கள் தோற்கிறார்கள். தோற்றபின் அதை வெட்கமின்றிப் படித்து, உள்வாங்கி, அதற்கென்றே ஆட்களைத் தயாரித்துத் திரும்பி வருகிறார்கள்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஸ்வீடன். அறுபதுகளில் ஜப்பானின் முன்னாள் உலக சாம்பியன் ஒகிமுரா அங்கே சென்று பயிற்சி அளித்திருந்தார்; ஆசியப் பயிற்சிமுறையின் கடுமையை ஸ்வீடன்காரர்கள் அப்போதே கண்டிருந்தார்கள். பின்னர் அவர்கள் சீனாவுக்கே சென்று பயின்றார்கள். யான்-ஓவே வால்ட்னர் 1980-இல் சிறுவனாகச் சென்றார். எதிராளியின் வீட்டுக்கே போய்ப் பாடம் கற்ற தலைமுறை அது. இருந்தும் 1983, 1985, 1987 என மூன்று அணி இறுதிகளிலும் அவர்கள் சீனாவிடம் தோற்றார்கள். 1987-இல் புதுதில்லியில் நடந்த ஒற்றையர் இறுதியிலும் வால்ட்னர் ஜியாங் ஜியாலியாங்கிடம் தோற்றார். ஒரே அணியிடம் மூன்று முறை தொடர்ந்து இறுதியில் தோற்ற பின்னும் அந்தக் குழு கலையவில்லை என்பதை நான் அவர்களுடைய வெற்றிகளைவிடப் பெரிதாகக் கருதுகிறேன்.

1989 டார்ட்மண்டில் அதற்குப் பலன் கிடைத்தது. அணி இறுதியில் வால்ட்னர், யோர்கன் பெர்சன், மிக்கேல் அப்பெல்கிரென் மூவரும் சீனாவை 5-0 என்று ஒரு ஆட்டத்தைக்கூட விட்டுக்கொடுக்காமல் வீழ்த்தினார்கள். ஒற்றையர் இறுதியும் வால்ட்னருக்கும் பெர்சனுக்கும் இடையில் நடந்து, வால்ட்னர் வென்றார். 1991-இல் சிபாவில் அதே இருவர் மீண்டும் இறுதியில் மோதி, இம்முறை பெர்சன் வென்றார். அணிப் போட்டியில் சீனா ஏழாவது இடத்துக்குச் சரிந்தது. 1993-இல் கோதன்பர்க்கில் ஸ்வீடன் தொடர்ந்து மூன்றாவது முறையாக அணிப் பட்டம் வென்றபோது, ஒற்றையர் இறுதியில் பிரான்சின் ஜான்-ஃபிலிப் காசியன் பெல்ஜியத்தின் ஜான்-மிஷெல் சேவை வென்றார். தொடர்ந்து மூன்று ஒற்றையர் இறுதிகளில் சீனர் ஒருவர்கூட இல்லை. இன்றைய இளம் ரசிகர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

காரணம் நுட்பம் சார்ந்தது. பேனா பிடியில் மட்டையின் ஒரு பக்கத்தை மட்டுமே பயன்படுத்திய சீனர்களால் பேக்ஹேண்ட் பக்கம் வரும் பந்தைத் தடுத்துத் திருப்ப முடிந்ததே தவிர, அங்கிருந்து பலமாகத் தாக்க முடியவில்லை. கைகுலுக்குவதுபோல் மட்டையைப் பிடிக்கும் ஸ்வீடன்காரர்கள், ஹங்கேரியர்களைப்போல் பின்வாங்கி நின்று அடிக்காமல், மேசைக்கு அருகிலேயே நின்று இரு பக்கங்களிலும் சுழலடி அடித்தார்கள். பெர்சனின் பேக்ஹேண்ட் இதில் பெரும் ஆயுதம். அதோடு சர்வீஸையும் அதை எதிர்கொள்வதையும் அவர்கள் சீனர்களுக்கு நிகராகக் கற்றுவைத்திருந்தார்கள். வால்ட்னர் ஒரே கையசைவில் முற்றிலும் வேறுபட்ட சுழற்சிகளைத் தருவார். பந்து மேசையைத் தொட்ட பிறகே எதிராளிக்குத் தன் தவறு தெரியும். அவரைச் சீனர்கள் 'லாவ் வா' என்று உறவுக்காரரை அழைப்பதுபோல அழைத்தார்கள். தங்கள் பட்டங்களைப் பறித்த ஒருவரை ஒரு நாடு இவ்வளவு நேசித்ததற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சீனாவின் விடை இம்முறையும் வந்தது. இத்தாலியில் பயிற்சியாளராக இருந்துவிட்டுத் திரும்பிய ட்சாய் சென்ஹுவா ஆண்கள் அணியின் பொறுப்பை ஏற்று, பழைய பாணியைக் கட்டிக்கொண்டு அழுவதை நிறுத்தினார். கைகுலுக்குவதுபோன்ற ஐரோப்பியப் பிடியில் ஆடும் கோங் லிங்ஹுய் வளர்க்கப்பட்டார். பேனா பிடியையே வைத்துக்கொண்டு மட்டையின் பின்பக்கத்திலும் ரப்பர் ஒட்டி, அதனால் பேக்ஹேண்ட் தாக்கும் வித்தையை லியு குவோலியாங் களத்துக்குக் கொண்டுவந்தார். 1995-இல் தியான்ஜினில் நடந்த அணி இறுதியில், தற்காப்பு பாணியில் வெட்டி ஆடும் திங் சோங்கை எதிர்பாராத விதமாக இறக்கி, ஸ்வீடனை 3-2 என்று வென்றார்கள். அன்னியத்தன்மையை வைத்து அடித்தவர்களை அதே அன்னியத்தன்மையால் திருப்பி அடித்தார்கள்.

ஆனாலும் கதவு உடனே மூடிவிடவில்லை. 1997 மான்செஸ்டரில் வால்ட்னர் தொடர் முழுவதும் ஒரு செட்டைக்கூட இழக்காமல், இறுதியில் பெலாரசின் விளாதிமிர் சம்சோனவை வென்று இரண்டாவது முறை உலக சாம்பியனானார். 2000-இல் கோலாலம்பூரில் ஸ்வீடன் அணி இறுதியில் சீனாவை 3-2 என்று வீழ்த்தியது. அதே ஆண்டு சிட்னி ஒலிம்பிக் இறுதியில் வால்ட்னர் கோங் லிங்ஹுயிடம் ஐந்து செட் ஆடித் தோற்றார். முப்பத்தெட்டு வயதில், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், சீனாவின் மா லின்னை வெளியேற்றி அரையிறுதி வரை வந்ததையும் சேர்த்துக்கொண்டால், தனி ஒரு மனிதர் எவ்வளவு காலம் ஒரு பெரும் அமைப்பை எதிர்த்து நிற்க முடியும் என்பதன் எல்லை புரியும்.

உலகப் பட்டம் வென்ற கடைசி ஐரோப்பியர் ஆஸ்திரியாவின் வெர்னர் ஷ்லாகர். 2003 பாரிஸ் காலிறுதியில் அவர் நடப்பு சாம்பியன் வாங் லிச்சினுக்கு எதிராகத் தோல்வியின் விளிம்பில் நின்று மேட்ச் பாயிண்டுகளைக் காப்பாற்றி வென்றார். அரையிறுதியில் ஒலிம்பிக் சாம்பியன் கோங் லிங்ஹுயை ஏழு செட் ஆடி வீழ்த்தினார். இறுதியில் தென்கொரியாவின் ஜூ சே-ஹ்யுக்கை வென்றார். அடுத்தடுத்து இரண்டு சீன சாம்பியன்களைக் கடந்து பெற்ற பட்டம் என்பதால், இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை.

இங்கேதான் தலைப்பில் உள்ள கேள்வி வருகிறது. ஒரு நல்ல ஐரோப்பிய வீரருக்கு ஒரு முன்னணிச் சீனரை வெல்லும் வாய்ப்பு பத்தில் மூன்று என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பட்டம் வெல்ல அத்தகைய மூவரை அடுத்தடுத்து வெல்ல வேண்டுமென்றால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு மூன்றைக்கூடத் தொடாது. உலக சாம்பியன்ஷிப் ஒற்றையரில் சீனா வழக்கமாக ஐவரை இறக்குகிறது. ஒருவர் சறுக்கினாலும் அடுத்தவர் நிற்கிறார். ஆகவே ஓர் ஐரோப்பியர் எவ்வளவு தூரம் போனார் என்று பார்ப்பதைவிட, வழியில் எத்தனை சீனர்களை வென்றார் என்று எண்ணுவதே சரியான அளவுகோல். 2019 புடாபெஸ்டில் ஸ்வீடனின் மத்தியாஸ் ஃபால்க்கும் 2021 ஹூஸ்டனில் உலகத் தரவரிசையில் 77-ஆம் இடத்தில் இருந்த மோரேகார்ட்டும் இறுதிக்கு வந்தது மகத்தான சாதனைகள்தாம். ஆனால் இருவருமே காலிறுதியிலும் அரையிறுதியிலும் சீனர் எவரையும் சந்திக்கவில்லை. இறுதியில் சந்தித்தார்கள், தோற்றார்கள்.

இந்த அளவுகோலில் ஷ்லாகருக்குப் பின் எல்லோரையும்விட உயர்ந்து நிற்பவர் ஜெர்மனியின் டிமோ போல். 2005-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் நடந்த, உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து வேறான உலகக் கோப்பைப் போட்டியில் வாங் லிச்சின், மா லின், வாங் ஹாவ் என்று அக்காலச் சீனாவின் மூன்று தூண்களையும் ஒரே தொடரில் அடுத்தடுத்துச் சாய்த்துப் பட்டம் வென்றார். அதே ஆண்டு ஷாங்காய் உலக சாம்பியன்ஷிப்பில், லியு குவோசெங்குக்கு எதிரான கடைசி செட்டின் நெருக்கடியான கட்டத்தில், நடுவர் தனக்குத் தந்த புள்ளியை, பந்து மேசை விளிம்பில் பட்டது என்று தானே சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆட்டத்தையும் இழந்தார். சீன ரசிகர்கள் அவரை இன்றும் கொண்டாடுவதற்கு அந்த ஒரு புள்ளியும் காரணம்.

போல் தரவரிசையில் உலகின் முதலிடத்தைப் பிடித்தார். ஐரோப்பிய ஒற்றையர் பட்டத்தை எட்டு முறை வென்றார். ஆனால் உலக சாம்பியன்ஷிப் ஒற்றையரில் அவருக்குக் கிடைத்தது 2011-இல் ஒரு வெண்கலம் மட்டுமே. இடக்கையால் அவர் அடிக்கும் சுழலடி முதலில் எல்லோருக்கும் புதிராக இருந்தது. ஆனால் சீனாவில் பயிற்சித் துணை ஆட்டக்காரர்கள் என்றொரு வகையினர் உண்டு. பெரிய போட்டிகளில் ஆடும் வாய்ப்பே இல்லாத இவர்கள், குறிப்பிட்ட வெளிநாட்டு வீரரின் சர்வீஸ், பிடி, கால் நகர்வு ஆகியவற்றை அப்படியே பழகிக்கொண்டு, தேசிய அணி வீரர்களுக்கு நாள்தோறும் எதிரே நிற்பார்கள். போல் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை சீனாவின் மா லாங்கைச் சந்தித்தார் என்றால், மா லாங் ஒவ்வொரு வாரமும் ஒரு 'போலை'ச் சந்தித்துக்கொண்டிருந்தார். ஐரோப்பியர் ஒருவரின் புதுமைக்கு ஆயுள் குறைவு என்பது இதனால்தான்.

மறுபுறம், ஐரோப்பிய வீரரின் பிழைப்பு கிளப்பை நம்பியது. ஜெர்மன் புண்டஸ்லிகாவிலோ பிரெஞ்சு லீகிலோ வாரந்தோறும் ஊர் ஊராகப் பயணித்து ஆட வேண்டும். மாதக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் தன்னைவிடச் சிறந்த பத்துப் பேரோடு பயிலும் வாய்ப்பு கிடைப்பதில்லை. எண்பதுகளின் ஸ்வீடன் ஒரே தலைமுறையில் நால்வர் ஐவரை உலகத் தரத்தில் வைத்திருந்ததால் அந்தக் குறை தெரியவில்லை. போலுக்கு அப்படி ஒரு கூட்டம் அமைய வெகுகாலமாயிற்று.

பந்தை 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆக்கியது, 21 புள்ளி செட்டை 11 ஆக்கியது, சர்வீஸை மறைப்பதைத் தடைசெய்தது என 2000-க்குப் பின் வந்த விதிமாற்றங்கள் சீனாவைக் கட்டுப்படுத்தவே கொண்டுவரப்பட்டன என்று பலர் சொல்வார்கள். நோக்கம் எதுவானாலும் விளைவு நேர்மாறாகவே அமைந்தது. பெரிய பந்து சற்று மெதுவாகப் போகும், சற்றுக் குறைவாகச் சுழலும்; அதை வென்றெடுக்கக் கைவித்தையைவிட உடல் வலுவும் ஓயாத கால் நகர்வும் அதிகம் தேவை. முழுநேர முகாம்களில் அதைத் தயாரிக்க வல்லவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வால்ட்னரைப் போன்ற கைவித்தைக்காரர்களுக்கே இடம் குறைந்தது. 2008 பெய்ஜிங்கில் ஒற்றையர் பதக்கங்கள் மூன்றையும் சீனா எடுத்துக்கொண்டபின், ஒலிம்பிக்கில் ஒரு நாட்டிலிருந்து இருவரே ஒற்றையர் ஆடலாம் என்று வந்த கட்டுப்பாடு மட்டும் பிறருக்கு உண்மையில் உதவியது. ஜெர்மனியின் திமித்ரி ஒவ்ச்சரோவ் 2012-இலும் டோக்கியோவிலும் வெண்கலம் வென்றார். டோக்கியோ அரையிறுதியில் மா லாங்கை ஏழாவது செட் வரை இழுத்தார். அதே மா லாங்கிடம் நம் சென்னையின் சரத் கமல் ஒரு செட்டைப் பறித்ததை நம்மில் பலர் நேரலையில் பார்த்து ஆர்ப்பரித்தோம். வெற்றிக்குத் தேவையான மீதி மூன்று செட்டுகளைப் பறிக்க என்ன வேண்டும் என்பதும் அன்றைக்கே புரிந்தது.

இப்போதைய தலைமுறைக்கு வருகிறேன். நண்பரின் கேள்விக்கு நான் முழு அவநம்பிக்கையோடு பதில் சொல்லாததற்குக் காரணம் இவர்கள்தாம். மோரேகார்ட் அறுகோண வடிவ மட்டையோடு ஆடுகிறார், அடுத்து என்ன செய்வார் என்று அவருக்கே தெரியாததுபோல் ஆடுகிறார். பாரிஸில் வாங் சூச்சினை அவர் 4-2 என்று வென்றதற்கு, அதற்கு முந்தைய நாள் கலப்பு இரட்டையர் தங்கக் கொண்டாட்டத்தின்போது புகைப்படக்காரர் ஒருவர் வாங்கின் மட்டையை மிதித்து உடைத்துவிட்டதைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அதற்கு ஓரளவு பங்கு இருக்கலாம். ஆனால் இறுதியில் சீனாவின் ஃபான் ஜென்டோங்கிடம் தோற்று வெள்ளி பெற்ற அதே மோரேகார்ட், 2025 ஆகஸ்டில் மால்மோவில் நடந்த ஐரோப்பா ஸ்மாஷ் போட்டியில், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னிலையில், சீனாவின் லின் ஷிடோங், வாங் சூச்சின் இருவரையும் அடுத்தடுத்து வென்று பட்டம் பெற்றார். அங்கே யாருடைய மட்டையும் உடையவில்லை.

பிரான்சின் லெப்ரன் சகோதரர்கள் இன்னொரு திசையிலிருந்து வருகிறார்கள். இளையவர் ஃபெலிக்ஸ் பதினேழு வயதில் பாரிஸில் ஒற்றையர் வெண்கலம் வென்றார். அண்ணன் அலெக்சிஸோடு சேர்ந்து அணி வெண்கலமும் பெற்றார். அதே ஆண்டு புசானில் பிரான்ஸ் அணி உலக இறுதி வரை சென்றிருந்தது. இறுதியில் சீனா 3-0 என்று முடித்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஐரோப்பியர் அல்லாவிட்டாலும் ஐரோப்பிய லீகுகளில் உருவானவரான பிரேசிலின் ஹ்யூகோ கால்டெரானோ, 2025 மக்காவ் உலகக் கோப்பையில் அரையிறுதியில் வாங் சூச்சினையும் இறுதியில் லின் ஷிடோங்கையும் வென்றார். எதிர்ப்பக்கத்தில் கூட்டம் சற்று மெலிந்திருக்கிறது: மா லாங் விலகிவிட்டார், ஃபான் ஜென்டோங் உலகத் தரவரிசையிலிருந்தே பெயரை எடுத்துக்கொண்டு ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் கிளப்புக்கு ஆடப் போய்விட்டார். மூன்று பேரைக் கடக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேரைக் கடந்தால் போதும் என்ற நிலை சில தொடர்களில் ஏற்பட்டிருக்கிறது. இருந்தும் 2025 தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் வாங் சூச்சின் அரையிறுதியில் மோரேகார்ட்டையும் இறுதியில் கால்டெரானோவையும் வென்று பட்டத்தைக் கொண்டுபோனார்.

என் ஊகம் கேட்டால், 2003-க்குப் பின் முதல் ஐரோப்பிய உலக சாம்பியன் இந்தத் தலைமுறையிலிருந்தே வருவார் என்பேன். மோரேகார்ட்டைவிட ஃபெலிக்ஸ் மீதே எனக்கு நம்பிக்கை அதிகம். ஃபெலிக்ஸ் பேனா பிடியில் ஆடுகிறார். மோன்பெல்லியே கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த சென் ஜியான் என்ற சீனரைப் பார்த்துச் சிறுவயதில் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. மட்டையின் பின்பக்கத்தால் பேக்ஹேண்ட் அடிப்பதும், ஸ்வீடனை முறியடிக்கச் சீனர்கள் தொண்ணூறுகளில் களமிறக்கிய அதே வித்தைதான். இன்று சீனாவின் முன்னணி ஆண்கள் ஏறக்குறைய எல்லோரும் ஐரோப்பியப் பிடிக்கு மாறிவிட்டதால், ஃபெலிக்ஸைப்போல் ஆடிக் காட்ட ஒரு பயிற்சித் துணையைத் தேடுவது அவர்களுக்கே முன்போல் எளிதாக இருக்காது.